அப்பளத்தின் மேல் ஒரு பக்கம்

பிரெய்ல் பக்கம் ஒன்றில் இருபத்தைந்து வரிகள். வரிக்கு நாற்பது செல். ஒரு செல் என்பது மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு புள்ளிகளுக்கான இடம். பெருக்கினால் பக்கத்துக்கு ஆறாயிரம். முதல் நாள் வகுப்பில் உட்கார்ந்ததும் நான் செய்த வேலை இந்தப் பெருக்கல்தான். விடையைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், என் மகன் வயது இருக்கும், எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சிரித்தார்.

“அதுல பாதிக்கு மேல வெறும் இடம் சார். ஆனா வெறும் இடத்தையும் படிக்கணும்.”

நான் முப்பத்திரண்டு வருடம் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் எத்தனை கிணறு, எத்தனை கறவை மாடு, எத்தனை தறி என்று எண்ணி எழுதுவது தொழில். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. மாடிப்படி, கோயில் தூண், மருந்துச் சீட்டில் உள்ள மாத்திரை, கல்யாணப் பந்தியில் இலை எல்லாவற்றையும் எண்ணுவேன். எண்ணியதைச் சரிபார்க்க மறுபடியும் எண்ணுவேன். வெளியே கிளம்பும்போது கேஸை மூடினோமா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். பயிற்சிக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்ட பழைய அலுவலக நண்பர் ஒருவர், “அவ்ளோ புள்ளி பாத்தவருக்கு இன்னும் ஆறு புள்ளிதானே, தாங்குவீங்க” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கண் அழுத்த நோய் என்பது வலிக்காது. வலித்திருந்தால் முன்பே போயிருப்பேன். இடது கண் போனதே எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வலது கண்ணில் தூசி விழுந்து தேய்த்தபோது மற்ற கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. வலது கண்ணிலும் ஓரங்கள் போய்விட்டன, நடுவில் மட்டும் பார்வை உண்டு. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல இருக்கும். குழாய் மெல்லச் சுருங்கிக்கொண்டே வரும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். அதை அப்படிக் கணக்குப் போட முடியாது என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்தான் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். பிரெய்ல் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கப் பயிற்சி, பார்வை உள்ளவர், இல்லாதவர் இரு தரப்பும் வரலாம், வயது தடையில்லை. குழாய்ப் பார்வையில் அதை வார்த்தை வார்த்தையாகப் படித்து முடித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள். கண் இருக்கும்போதே குருட்டுப் படிப்பு எதற்கு, வாயால் சொல்லி வரவழைத்துக்கொள்வதா என்றாள். பெங்களூரில் இருக்கும் மகன் வேறு மாதிரி சொன்னான். இப்போதெல்லாம் போனே எல்லாவற்றையும் படித்துக் காட்டும், நீங்கள் சும்மா உட்கார்ந்து கேட்டால் போதும் என்றான்.

போனை வைத்துக் கேட்டும் பார்த்தேன். செய்தித்தாளை அது கடகடவென்று வாசித்தது. மழை அளவு பற்றிய செய்தியில் வந்த எண்கள் என் காதைத் தாண்டி ஓடின. ஒன்றை இன்னொன்றிலிருந்து கழித்துப் பார்ப்பதற்குள் அது விளையாட்டுச் செய்திக்குப் போய்விட்டது. காதில் விழுந்ததை நிறுத்தி, திரும்பிப் போய், விரல் வைத்து எண்ண முடியாது. எனக்கு வேண்டியது அதுதான். தாளில் ஓர் எழுத்து நான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். நான் திரும்பி வரும்போதும் அங்கேயே இருக்க வேண்டும்.

பயிற்சி தந்த அந்தச் சின்ன பிரெய்ல் அச்சகத்தில் ஒரு நாற்காலியும் எனக்கு வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கண் முழுதாக மூடும் நாளில் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகும் ஹார்ன் சத்தங்களை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு விருப்பம் இல்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போக ஓர் இடம், அங்கே நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் ஒரு வேலை, அதற்காகத்தான் போனேன்.

அச்சகம் கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி வீடு. கீழே புள்ளி குத்தும் இயந்திரம். அது ஓடும்போது தகரக் கூரையில் மழை பெய்வதுபோலச் சத்தம் வரும். மாடியில் எங்கள் வகுப்பு. உப்பளத்திலிருந்து டெம்போ பிடித்துப் போவேன். கீழே இயந்திரம் ஓடினால் என் மேசையில் உள்ள தாள் மெல்ல அதிரும்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் விரல் வாசிப்பவர் பிரெய்ல் தாளைத் தடவி உரக்கப் படிப்பார். எதிரே பார்வை உள்ள ஒருவர் அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரி பார்ப்பார். இரண்டாம் கட்டத்தில் விரல் வாசிப்பவர் தனியாக, வாய் திறக்காமல், தாளை முழுக்கப் படிப்பார். அதே தாளை அவருக்குப் பிறகு மாஸ்டர் ஒரு முறை படிப்பார். மூவரும் ஒத்துக்கொண்டால்தான் புத்தகம் இயந்திரத்துக்குப் போகும். நான் விரல் வாசிப்புக்குத்தான் சேர்ந்தேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், மேலே ஒரு துணியும் கட்டுவார்கள். பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு. தேறினால் நாற்காலி.

சேர்ந்தவர்கள் ஐந்து பேர். மழைக்காலம் வருவதற்குள் இரண்டு பேர்தான் மிஞ்சினோம். மற்றவர் காலாப்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து வரும் பெண். வயது நாற்பதுக்குள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு காய்ச்சலில் பார்வை போனவர். வீட்டில் மாமியாரோடு சேர்ந்து காலையில் நெத்திலி ஆய்ந்து வியாபாரத்துக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் பஸ் ஏறுவார். வலது ஆள்காட்டி விரலில் மட்டும் துணி சுற்றியிருக்கும். மீன் முள் அந்த விரலைக் குத்திவிடக் கூடாது என்பதற்காக. வகுப்பில் வந்து உட்கார்ந்து துணியை அவிழ்த்து, கைகழுவி, விரலில் பவுடர் போட்டுக்கொள்வார். அப்படியும் அறையில் லேசாக மீன் வாசனை இருக்கும். அதைப் பற்றி முதல் வாரத்திலேயே அவரே சொல்லிவிட்டார்.

“வாசன வந்தா சொல்லுங்க சார். தள்ளிப் போயி உக்காந்துக்கறேன். ஆனா நீங்கதான் தள்ளிப் போவணும், எனக்கு ஜன்னல் பக்கம் காத்து வேணும்.”

நான் தள்ளி உட்காரவில்லை.

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். எண்ணக் கற்றுக்கொண்டதே அந்த மொழியில்தான். தமிழில் பேசினாலும் எனக்குள் எண்ணும்போது அதுதான் வரும். ஒவ்வொரு செல்லிலும் விரல் வைத்து, அங், தெ, த்ருவா, காத்ர, சேங்க், சீஸ் என்று ஆறு வரை முணுமுணுப்பேன். எந்த எண்ணில் மேடு இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் எழுத்துக்கு வருவேன். அந்தப் பெண் நான்கைந்து நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னா சார் அது, மந்திரமா?”

ஒன்று இரண்டு மூன்றுதான் என்று விளக்கினேன். ஒரு வரி முடிக்க நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில், “எங்க ஊருல வலை போட்டு இழுத்துக் கரையேத்திடுவாங்க” என்றார். அவர் விரல் ஒரு வரியைத் தாண்டிப் போவது துணி மடிப்பதுபோல இருக்கும் என்று மாஸ்டர் சொல்வார். என் விரல் நெல்லில் கல் பொறுக்குவதுபோல.

ஆனால் மாஸ்டருக்கு என்னைப் பிடித்திருந்தது. வேகமாகப் படிப்பவர்கள் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு போய்விடுவார்கள், இருப்பதை விட்டு இருக்க வேண்டியதைப் படிப்பார்கள், அது இந்த வேலைக்கு ஆகாது என்பார். அந்தப் பெண்ணுக்கே அப்படி இரண்டு பிழைகள் தப்பிப் போயின. பாடத்தை முன்பே மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்ததால் வந்த வினை. என்னிடம் அந்த ஆபத்து இல்லை. நான் எதையும் நம்புவதில்லை. ஒரு வரியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் படிப்பேன். பக்கம் முடிந்ததும் மேலேயிருந்து மறுபடியும். “சந்தேகப்படற ஆளுதான் சார் இதுக்கு வேணும்” என்றார் மாஸ்டர். வீட்டில் கேஸ் மூடியதைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கியவன் நான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட அன்று டெம்போவில் வீடு திரும்பும்போது வெளியே எதையும் எண்ணாமல் வந்தேன்.

நான் கண்டுபிடித்த பிழைகளும் குறைவில்லை. ஒரு புள்ளி இல்லை, இன்னொரு இடத்தில் எண் தவறு, இப்படி வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே வந்தது. கீழே கம்ப்யூட்டரில் இருக்கும் ஆள் ஒவ்வொன்றையும் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சில சமயம் கம்ப்யூட்டரில் சரியாகத்தானே இருக்கு என்று கீழேயிருந்து குரல் வரும். இயந்திரத்தில் ஊசி தேய்ந்திருக்கும் என்று ஊசியை மாற்றினார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. கடற்கரை ஊரில் மழைக்காலத்தில் எல்லாக் காகிதமும் தளர்ந்துவிடும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பிரெய்ல் தாளைக்கூடத் துணிபோல ஆக்கிவிடும். அந்த வாரத்தில்தான் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வந்தது. எனக்கு அதைவிட நல்ல புத்தகம் கிடைத்திருக்க முடியாது. பிரெய்லில் நான்கு என்ற எண்ணுக்கு மூன்று புள்ளி. அதில் ஐந்தாம் புள்ளி போனால் அது மூன்று ஆகிவிடும். எழுத்தில் விட்டாலும் எண்ணில் எனக்குத் தெரிந்துவிடும். கூட்டிப் பார்த்தால் விடை வராதே.

ஒரே பக்கத்தில் பதினோரு பிழைகள். வாய்ப்பாட்டில் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் நான்கு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு மாஸ்டரிடம் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவே கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

கீழேயிருந்து ஆள் மேலே வந்தார். கம்ப்யூட்டரில் பதினொன்றும் சரியாக இருக்கிறது என்றார். அதே பக்கத்தைப் புதிதாக இன்னொரு தாளில் குத்திக் கொண்டுவந்திருந்தார். மாஸ்டர் என் தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் படித்தார். வலது கை ஓடியது, இடது கை அங்கங்கே நின்றது. அந்தப் பெண் படிப்பதை நிறுத்திவிட்டார். வெளியே மழைச் சத்தம், கீழே இயந்திரச் சத்தம், இரண்டும் ஒன்றாகக் கேட்டது.

“சார், இத எத்தன தரம் படிச்சீங்க?” என்றார் மாஸ்டர்.

மொத்தமாக இரண்டு தடவை, சந்தேகம் வந்த வரிகளை நான்கு, ஐந்து தடவை என்றேன்.

அவர் தாள்களைத் தள்ளிவைத்தார். பிறகு என் விரலைக் கேட்டு வாங்கினார். நுனியை அவர் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். எவ்வளவு நாளாகச் சர்க்கரை என்று கேட்டார். சொன்னேன்.

“உங்க விரல் அழுத்துது சார். ரொம்ப அழுத்துது. அழுத்த அழுத்த புள்ளி படுத்துருது. மழையில தாளும் மெத்துனு இருக்குதா, இன்னும் சீக்கிரம் படுத்துருது. நீங்க கண்டுபுடிச்ச தப்பெல்லாம்…” என்று நிறுத்தி, வேறு மாதிரி சொன்னார். “நீங்க படிச்ச பக்கத்த உங்களுக்குப் பின்னாடி யாரும் படிக்க முடியாது.”

சர்க்கரை டாக்டர் எப்போதோ சொன்னதுதான். உணர்ச்சி முதலில் காலில் குறையும், பிறகு கையில் வரும் என்றார். காலைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். தினமும் செருப்புப் போடும் முன் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். விரல் மரத்துப்போயிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இடது கண் போனது தெரியாததுபோலத்தான். மேடு தட்டுப்படவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். தட்டுப்பட்டதும் உறுதி செய்ய மறுபடி அழுத்தினேன். நிஜமாகவே அங்கே இருந்த புள்ளியை நானே தரையாக்கிவிட்டு, அது இல்லை என்று புகார் எழுதியிருக்கிறேன்.

அப்படியானால் இதற்கு முன் கண்டுபிடித்தவற்றில் எத்தனை உண்மையான பிழை, எத்தனை என் விரல் செய்தது? கம்ப்யூட்டர் ஆளிடம் கேட்டேன். அவர் அதையெல்லாம் தனித்தனியாக வைத்திருக்கவில்லை என்றார். அந்தக் கணக்கு மட்டும் என்னிடம் இன்றுவரை இல்லை.

மாஸ்டர் என்னை அனுப்பிவிடவில்லை. தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம் போல இருந்தது. கையை லேசாக்கிக்கொள்ள முடிந்தால் பார்க்கலாம் என்றார். அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. அவரை அவருடைய வாத்தியார் பழக்கிய வழி. பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்து, அதன் மேல் பிரெய்ல் தாளைப் போட்டு, தாளைப் படிக்க வேண்டும். அப்பளம் உடையக் கூடாது. உடைந்தால் அழுத்திவிட்டோம் என்று அர்த்தம். ஈ உட்கார்ந்து எழுந்திருப்பதுபோல விரல் போக வேண்டும் என்றார்.

என் மனைவி இதைக் கேட்டு முதலில் நம்பவில்லை. பிறகு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள். சாப்பாட்டு மேசையில் தட்டு, தட்டில் அப்பளம், அப்பளத்தின் மேல் தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். முதல் வரியிலேயே நொறுங்கும் சத்தம் கேட்டது. அடுத்ததும். அடுத்ததும். உடைந்ததையெல்லாம் அவள் ஒரு கிண்ணத்தில் சேர்த்துவைத்துச் சாப்பாட்டோடு போட்டாள். எனக்கு உப்பு ஆகாது என்பதால் தனக்கே போட்டுக்கொண்டாள்.

“கண்ணுலயும் அழுத்தம், ரத்தத்துலயும் அழுத்தம், கையிலயுமா? இத்தினி வருஷமா எங்கிட்டதான் அழுத்தம்னு நெனச்சிருந்தேன்.”

சொல்லிவிட்டு அவளே வருத்தப்பட்டாள் போல. மறுநாள் நான் கேட்காமலே அப்பளம் பொரித்து வைத்தாள். அபசகுனம் என்று ஆரம்பத்தில் சொன்னவள், இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டாள், தட்டு நகர்ந்து உடைகிறதோ என்று. உடையும்போது என்னைவிட அவள்தான் முதலில் மூச்சு விடுவாள்.

சில நாட்கள் கழித்து உடையாமல் ஒரு வரி கடந்தேன். அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். ஆனால் அந்த வரியில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பளம் உடையாத அளவுக்கு விரலை லேசாக்கினால் விரலுக்கு எதுவும் எட்டவில்லை. வழவழப்பான சுவரில் கை போவதுபோல இருந்தது. எட்டும் அளவுக்கு அழுத்தினால் அப்பளம் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கும், அதைப் பிடித்துவிடலாம் என்று நம்பித் தேடினேன். இடது கை விரலைப் பழக்கிப் பார்த்தேன். நடுவிரலைப் பார்த்தேன். வெந்நீரில் கையை வைத்து எடுத்துப் பார்த்தேன். சர்க்கரை டாக்டரிடம் போய்க் கேட்டேன். நரம்பு திரும்பி வருமா என்று அவர் சொல்லவில்லை, இனி போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அப்பளப் பாக்கெட்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. தளர்ந்துபோன பிரெய்ல் தாள்களை மனைவி சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரித்துவிட்டாள். கெட்டித் தாள், எண்ணெய் பட்டால் ஊறாது என்றாள்.

வகுப்பில் அந்தப் பெண் இதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், வீட்டில் போட்ட கருவாட்டில் கொஞ்சம் உறையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வீட்டம்மாவுக்கு, அப்பளத்துக்குப் பதிலாக என்றார். செய்தி அவர்வரை போயிருந்தது. மாஸ்டர் சொல்லியிருப்பார்.

தேர்வு அன்று வானம் வெளுத்திருந்தது. மழை இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம். வேண்டுமென்றே சில பிழைகளை அதில் வைத்திருப்பார்கள். நாம் படித்து, எந்த வரி, எந்த செல் என்று சொல்ல வேண்டும். நமக்குப் பிறகு அதே தாளை மாஸ்டர் படிப்பார். அந்தப் பெண் முதலில் படித்தார். மெதுவாகப் படித்தார், அவர் அப்படிப் படித்து நான் கேட்டதே இல்லை. வைத்த பிழைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டர் அவருடைய தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, போதும் என்றார். அவர் தேறிவிட்டார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

என் முன் தாளை வைத்தார்கள். கண்ணில் துணி கட்டினார்கள். கையில் பவுடர் போட்டுக்கொண்டேன். விரலை முதல் வரியின் தொடக்கத்தில் வைத்தேன், அப்பளத்தின் மேல் வைப்பதுபோல. ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, அதற்கு மேல் இல்லை. அங், தெ, த்ருவா என்று ஆரம்பித்தேன். எண்ணுவதற்கு அங்கே எனக்கு எதுவும் அகப்படவில்லை. கொஞ்சம் அழுத்தினால் போதும். அழுத்தினால் முதல் செல் எனக்குக் கிடைத்துவிடும், அடுத்ததும் கிடைக்கும், பிழைகளில் பாதியையாவது கண்டுபிடித்துவிடுவேன். விரல் தானாகவே இறங்கப் பார்த்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று கடைசிவரை அதே லேசான கையோடு போனேன். ஆறாயிரம் இடங்களையும் தொட்டேன். ஒன்றையும் படிக்கவில்லை. முடிந்ததும் தாளை மாஸ்டர் பக்கம் தள்ளினேன். சொல்ல எதுவும் இல்லை என்றேன்.

அவர் படித்தார். முழுப் பக்கத்தையும் படித்தார், நேரம் எடுத்துக்கொண்டு. வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும்போது அவர் விரல் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

“பக்கம் அப்படியே இருக்குது சார்” என்றார்.

என்னைத் தேற்றுவதற்குச் சொன்னாரா, தேர்வு முடிவைச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று பிறகு புரிந்தது. துணியை நானே அவிழ்த்துக்கொண்டேன். குழாய்க்குள் அவர் முகம் மட்டும் தெரிந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை.

நாற்காலி கிடைத்தது. நான் கேட்ட நாற்காலி இல்லை. அந்தப் பெண் விரல் வாசிப்பாளரானார். அவருக்கு எதிரே அச்சுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி சரி சொல்ல ஆள் வேண்டியிருந்தது. கண் இருக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றார் மாஸ்டர். கண் போகும் நாளுக்காக வேலை தேடிப் போனவனுக்குக் கண்ணைக் கொண்டு செய்யும் வேலை கிடைத்தது. வீட்டில் சொன்னபோது மனைவி, “சரி, போற வரைக்கும் போங்க” என்றாள். அது வேலையைப் பற்றியா கண்ணைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். மேசை விளக்கும், பெரிய பூதக்கண்ணாடி ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஒரு வரி படிப்பார், நான் அச்சில் பார்த்துச் சரி என்பேன். அவர் விரல் வேகமாகப் போகும், என் குழாய் பின்தொடரும். ஆரம்பத்தில் ஒரு முழு வரி எனக்குள் அடங்கியது. பொங்கலுக்குப் பிறகு முக்கால் வரி. இப்போது மூன்று நான்கு வார்த்தைகள். ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வருவதற்குள் வழி தவறிவிடுகிறது. ஒரே வரியைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன், அல்லது ஒன்றைத் தாண்டி இறங்கிவிடுவேன். அவர் படித்தது இங்கே இல்லையே என்று பதறுவேன். அப்போதெல்லாம் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுத் தேடுவேன். சரி என்று சும்மா சொல்லிவிட எனக்கு வராது.

அந்தப் பெண் விரலை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். மாஸ்டரிடம் சொன்னதாகவும் தெரியவில்லை. ஆனால் மாஸ்டருக்குக் காது நன்றாகக் கேட்கும். என் ‘சரி’கள் தாமதமாவது அவருக்குத் தெரியாமல் இருக்காது. பயிற்சிக்கு அடுத்த குழுவுக்கான அறிவிப்பு மறுபடியும் ஆஸ்பத்திரியில் ஒட்டப்பட்டிருக்கிறது. போன வாரம் சோதனைக்குப் போனபோது அதைப் பார்த்தேன். பார்வை உள்ளவர் என்ற வார்த்தைகளைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இந்த வாரத்திலிருந்து அந்தப் பெண் ஒன்று செய்கிறார். ஒவ்வொரு வரியைத் தொடங்கும் முன்னும் அது பக்கத்தில் எத்தனையாவது வரி என்று சொல்லிவிட்டுப் படிக்கிறார். பிரெய்ல் வரியும் அச்சு வரியும் ஒன்றாகவே வரும் புத்தகம் என்பதால் அதைக் கேட்டு நான் வரிக்கு அடியில் வைத்திருக்கும் ஸ்கேலை நகர்த்தி அந்த வரிக்கு வந்துவிடலாம். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் தமிழில் சொல்லவில்லை. அத்தனை மாதம் நான் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்ததிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். உச்சரிப்பு அவருடையது, கடற்கரையில் ஆளைக் கூப்பிடும் இழுவையோடு.

“தீசெத் சார்” என்றார். பதினேழு.

ஸ்கேலை நகர்த்தினேன். சரி என்றேன்.

அப்படியே ஐந்து வரி போனது. அடுத்து “வேங்-த்ருவா” என்றார், இருபத்துமூன்று. அந்த வரியைப் படித்து முடித்து நிறுத்தினார். நான் இருந்த வரியைத் தவறவிட்டு, ஸ்கேலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மேலேயிருந்து அங், தெ என்று எண்ணிக்கொண்டு இறங்கினேன். பதினான்கில் தவறிவிட்டது. மறுபடி மேலே போனேன். அவர் விரலை எடுக்காமல் காத்திருந்தார். கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்தது. ஸ்கேல் என் கைக்கடியில் அதிர்ந்தது. நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.